ஒரட்டாங்கைத் தறி

அத்தியாயம் ஒன்பது

செங்கோடன் போட்ட நிபந்தனையோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

"இன்ஸ்பெக்டரு வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வரட்டும். புள்ள அஞ்சாவது போகட்டும், அதுக்கு மேலயும் போகட்டும், நான் குறுக்க நிக்கலை. வரலீன்னா மக்யா நாளே என்ற தறிக்குத் தார்க்குச்சியில நூலு சுத்த ஒக்கார வேண்டியதுதான்."

மகள் பொன்னாயியின் படிப்பை இப்படி முன்பின் தெரியாத ஒருவர் வாயில் ஒப்படைத்துவிட்டு அவன் நிம்மதியாகத் தூங்கப் போனான். அந்த ஒன்பது வயதுப் பெண்ணும், நாலாம் வகுப்பில் அவளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்கும் சித்தப்பன் மருதாசலமும் தூங்கினார்களா என்று யாரும் கேட்கவில்லை.

மருதாசலத்தின் பாடமே ராசிபுரம் தறித்தெருவுக்குப் புரியாத பாடம். வார்தா கல்வித் திட்டம் என்று பேப்பரில் அடிபட்டதே, அந்தக் காற்று நம் பக்கம் வீசியபோது சேலம் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவன் அவன். எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் கையில் தக்ளியைக் கொடுத்து நூல் நூற்கச் சொன்னார்கள். இவன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்.

"உங்க ஊட்டுல எந்தச் சாமான் உங்க கைக்குத் தோதா இல்லை?"

பிள்ளைகள் ஒரு வாரம் யோசித்தார்கள். ஒருத்திக்கு உறி எட்டவில்லை. ஒருத்தனுக்குத் தொட்டில் கயிற்றை ஆட்டி ஆட்டிக் கை வலித்தது. சரி, அதற்கு என்ன செய்யலாம் என்று முதலில் சிலேட்டில் படம் போட வேண்டும். பிறகு மூங்கில் சிம்பு, ஈர்க்கு, கந்தல், கயிறு, எது கிடைக்கிறதோ அதில் செய்து பார்க்க வேண்டும். உடைந்தால் ஏன் உடைந்தது என்று வகுப்பில் எழுந்து சொல்ல வேண்டும். உடைந்ததை எறியக்கூடாது, பெயர் எழுதி ஒரு சாக்கில் போட வேண்டும். பெரிய வாத்தியார் அதைக் குப்பைச் சாக்கு என்றார். மருதாசலத்துக்கோ அந்தச் சாக்குதான் பாடப் புத்தகம்.

பொன்னாயி எழுந்து சொன்னது இது: "தெருவுல இருக்கற எல்லாத் தறியும் சோத்தாங்கைக்காரங்களுக்குத்தானுங்க சார் இருக்குது."

இடது கையை எங்கள் பக்கம் ஒரட்டாங்கை என்பார்கள். பொன்னாயிக்கு எல்லாமே அந்தக் கையில்தான் வரும். எழுதினாலும் அதில், கல் எறிந்தாலும் அதில். அவள் அம்மா சாலம்மாள் அந்தக் கையில் அடித்துப் பார்த்தாள், துணியைச் சுற்றிக் கட்டியும் பார்த்தாள். தறிப் பக்கம் மட்டும் விட்டதே இல்லை. ஒரட்டாங்கை பட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு கெட்டுப்போகும் என்று அவளுக்கு ஒரு பயம். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்த பெண், தறியில் ஒரு இழை ஓட்டியதில்லை.

ஆகவே அவள் தனக்கென்று ஒரு தறி செய்தாள். முழ நீளம், மூங்கில் சட்டம், இழைகளைப் பிரித்து நிறுத்த ஈர்க்கில் அச்சு. முதல் தறியில் நூல் பட்பட்டென்று அறுந்தது. இரண்டாவதில் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்றாவதில் இழைகளைத் தூக்கும் குச்சியை இடது பக்கம் வைத்து, சட்டத்தின் இடது கம்பில் கத்தியால் பள்ளமாக ஒரு காடி வெட்டினாள். குச்சியைத் தூக்கிக் காடியில் மாட்டிவிட்டால் அது அங்கேயே நிற்கும். கை சும்மாவாகிவிடும். அதே இடது கையால், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளலாம். அந்தக் காடியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மருதாசலம் குச்சியைத் தானே நாலைந்து முறை அதில் மாட்டிக் கழற்றிப் பார்த்தான். வாத்தியார்களுக்கு அப்படி ஒரு நாள் எப்போதாவதுதான் வாய்க்கிறது.

தறியில் நெய்த துணி என்னவோ கோணல்தான். கரை ஒரு இடத்தில் உள்ளே போய், இன்னொரு இடத்தில் வெளியே வந்தது.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் விடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு இல்லையென்று மருதாசலம் முதல் நாளே அந்தத் தறியையும் சாக்கையும் வீட்டுக்குத் தூக்கிவந்திருந்தான். விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க அவன் ஓடினான்.

"அண்ணி, ரெண்டையும் பொன்னாயிகிட்டக் குடுத்து ஒம்பது மணிக்கு அனுப்பி வெச்சுருங்க."

"நானே கொண்டாந்து தாரேன், நீ போ சாமி" என்றாள் சாலம்மாள்.

இந்தச் சாலம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. மாமியார் செத்தபோது மருதாசலத்துக்கு ஆறு வயது. சோறூட்டி வளர்த்தவள் அவள்தான். பதினாறு வயதில் அவனைத் தறியில் உட்கார வைக்கச் செங்கோடன் பிடிவாதமாக நின்றபோது, "அவன் பங்கை நான் நெய்யறேன், அவன் படிக்கட்டும்" என்று, நெய்கிறவர் உட்காரும் தறிக் குழியில் இறங்கியவள். இரண்டு வருஷம் நெய்தாள். அறுந்த இழைக்கு அவள் முடிச்சுப் போட்டால் அது எங்கே என்று தேட வேண்டும். தெருவில் யார் வீட்டுப் பாவு சிக்கலானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பொன்னாயியை வண்ணான் வீட்டுக்குப் பாவாடை வாங்க அனுப்பிவிட்டு, அவள் தறியை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

அவ்வளவுதான். கோணல் கரை அவள் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தியது.

தறிக்காரர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. தப்பாக நெய்த துணியை அவர்களால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. விருந்துக்குப் போன இடத்தில்கூடப் பக்கத்திலிருப்பவள் முந்தானையைப் பிடித்து இழை எண்ணுவார்கள். இன்று வரப்போகிறவரோ இன்ஸ்பெக்டர். செங்கோடன் மகள் நெய்தது இதுவா என்று அவர் உதட்டைப் பிதுக்கினால்? அந்த உதட்டில்தானே பிள்ளையின் படிப்பு இருக்கிறது?

சாலம்மாள் கோணல் துணியை அறுத்தாள். இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தாள். சாண் அளவு புதிதாக நெய்தாள், கரை நூல் பிடித்த மாதிரி நின்றது. அத்தோடு விட்டிருந்தால் பிழை பாதியோடு நின்றிருக்கும். குச்சி இடது பக்கம் இருப்பதைப் பார்த்தாள். பிள்ளைக்கு ஒரட்டாங்கை என்பதை இன்ஸ்பெக்டருக்கும் ஊருக்கும் தண்டோரா போட வேண்டுமா? நாளைக்கு எவன் வந்து பெண் கேட்பான்? குச்சியை வலது பக்கம் மாற்றிக் கட்டினாள். இடது கம்பில் வெட்டியிருந்த காடி வெட்டுக்காயம் மாதிரி அசிங்கமாகத் தெரிந்தது. மெழுகை உருக்கி அதில் ஊற்றி, வழித்து, மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்தாள்.

பிறகு சாக்கைத் திறந்தாள். உள்ளே முறிந்த சிம்பும் அறுந்த நூலும். இந்தக் குப்பையையுமா பெரிய மனுஷன் முன்னால் பரப்புவது? வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாக்கை அங்கே கவிழ்த்தாள்.

இவ்வளவையும் அவள் ஆசையாகத்தான் செய்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. வேண்டாதவர்கள் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

பொன்னாயி பாவாடையோடு வந்தபோது வெந்நீர் அடுப்போரம் வெறும் சாக்குக் கிடந்தது. தறி வெள்ளைத் துணியால் மூடியிருந்தது.

"தொறக்காதே கண்ணு, பொட்டு அழிஞ்சுரும். அப்படியே இருக்கட்டும்" என்று சாலம்மாள் தானே தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை வந்தாள். மகள் கையில் கொடுத்துவிட்டு, இனிப்புக் கச்சாயம் சுட மாவு ஊறுகிறதென்று திரும்பிப் போனாள்.

இன்ஸ்பெக்டர் பத்தரை மணிக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்த வாரம் அவர் நாலு பள்ளிக்கூடம் பார்த்திருந்தார். நாலிலும் ஆசாரியை வைத்து நாற்காலியும் பெட்டியும் செய்து, பிள்ளைகள் பெயரை ஒட்டி வைத்திருந்தார்கள். சலித்துப்போய் வந்திருந்தார்.

"உங்கள் முறை வித்தியாசமானது என்று கேள்விப்பட்டேன்" என்றார் மருதாசலத்திடம். "எது நல்லது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதை முதலில் காட்டுங்கள்."

மருதாசலம் யோசிக்கவே இல்லை. "பொன்னாயி, உன்ற தறியக் கொண்டா."

அவள் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். இன்ஸ்பெக்டர் துணியை விலக்கினார்.

மருதாசலத்துக்கு அந்தக் கரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் அண்ணி கை நெய்த துணியைத்தான் உடுத்தியிருந்தான்.

இன்ஸ்பெக்டர் துணியைத் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அழகாக இருக்கிறது. இரண்டு இழை ஓட்டு அம்மா, பார்ப்போம்."

பொன்னாயியின் இடது கை தானாக இடது பக்கம் போனது. அங்கே குச்சி இல்லை. கம்பைத் தடவினாள், காடி இல்லை, விரலில் குங்குமம் ஒட்டியது. மறுபடி தடவினாள். பிறகு வலது பக்கம் குச்சி இருப்பதைக் கண்டு, பழகாத வலது கையால் தூக்கினாள். மாட்டுவதற்கு இடமில்லை. கையை எடுத்ததும் குச்சி விழுந்தது, இழைகள் மூடிக்கொண்டன, நாடா நடுவில் சிக்கி நின்றது.

வகுப்பில் சிரிப்புக் கிளம்பியது.

"இதை யார் செய்தது?"

"நானுங்க" என்றாள் பொன்னாயி.

"நீ செய்த தறி உனக்கே ஓட்டத் தெரியவில்லையே அம்மா."

மருதாசலம் முன்னால் வந்தான். "ஐயா, ஒரு நிமிஷம். இதுக்கு முன்னால ரெண்டு தறி செஞ்சு உடைஞ்சு போச்சுங்க. அதையெல்லாம் வெச்சிருக்கறனுங்க. பொன்னாயி, அந்தச் சாக்கு எங்க?"

பொன்னாயி வெறுங்கையை விரித்தாள். "அம்மா வெந்நீரு வெச்சுட்டாங்க சார்."

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வெந்நீர் வைத்தாகிவிட்டதா! நல்லது. வாத்தியாரே, எனக்கு இன்னும் மூன்று பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒளிக்காமல் சொல்லுங்கள். இது குழந்தை வேலை இல்லை. யார் செய்தது?"

இந்த இடத்தில்தான் மருதாசலம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் அண்ணி ஆசைப்பட்டுத் திருத்திவிட்டாள், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், இந்தப் பெண் உங்கள் கண்ணெதிரே குச்சியை மாற்றிக் கட்டுவாள். இவ்வளவுதான்.

அவன் வகுப்பைப் பார்த்தான். நாற்பது பிள்ளைகள், நாற்பதும் தறித்தெரு. அண்ணி பெயரைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சாகிவிடும். பெற்ற மகள் பிழைப்பில் சாலம்மாள் மண் அள்ளிப் போட்டாளாம் என்பார்கள். அவனுக்காகக் குழியில் இறங்கியவளை அவன் வாயாலேயே ஊர் வாயில் போடுவதா?

"நான்தானுங்க செஞ்சேன்" என்றான் மருதாசலம்.

பெரிய வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

"உங்களைப் பற்றி நல்லபடியாகக் கேள்விப்பட்டு வந்தேன். மற்றவர்களாவது ஆசாரியைப் பிடித்தார்கள். நீங்கள் ஒரு குழந்தையைப் பொய் சொல்லவும் பழக்கியிருக்கிறீர்கள். இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கைத்தொழில் வகுப்பு வேண்டாம் என்று எழுதப் போகிறேன். உங்களைப் பற்றி மேலே இருப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்."

"நான் பொய் சொல்லலீங்க" என்றாள் பொன்னாயி. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. மற்றப் பிள்ளைகளை டிரில் காட்டுவதற்காக மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மருதாசலத்தையும் பொன்னாயியையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார் பெரிய வாத்தியார், இன்ஸ்பெக்டர் கண்ணில் இனிப் பட வேண்டாமென்று.

உச்சி வெயில். மருதாசலம் தறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பொன்னாயி நாலடி பின்னால் வந்தாள். பாவு நீட்டும் பாவடி மைதானம் வந்ததும் கூப்பிட்டாள்.

"சித்தப்பா."

"ம்."

"எப்பச் செஞ்சீங்க?"

அவன் நின்றான்.

"நீங்க செஞ்சதுன்னு சொன்னீங்களே. எப்பச் செஞ்சீங்க? அப்ப நான் செஞ்சது எது?"

"கண்ணு, உங்கம்மா பேரு கெட்டுரும்னு..."

"அம்மா மாத்துனாங்கன்னு சொல்லியிருந்தா, மாத்தறதுக்கு முந்தி நான் செஞ்சேன்னு ஆயிருக்கும். நீங்க இப்ப நான் ஒண்ணுமே செய்யலைன்னு ஆக்கிப்போட்டீங்க."

நாலாம் வகுப்புப் பெண் பேசுகிற பேச்சா என்று கேட்காதீர்கள். எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று எழுந்து சொல்ல அவளுக்குப் பழக்கியவனே அவன்தான். அவனுக்கு வெட்கத்தில் அழுகை வந்தது, தெருவில் அழ முடியாமல் விழுங்கிக்கொண்டு நடந்தான்.

வீட்டு வாசலில் எண்ணெய் வாசம். சாலம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தறிக் குழியிலிருந்து செங்கோடன் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

"என்ன சாமி சொன்னாரு? தறியப் பாத்தாரா? கரையப் பாத்து என்ன சொன்னாரு?"

மருதாசலம் வாயைத் திறந்தான். அண்ணி முகத்தைப் பார்த்தான். தறியைத் திண்ணையில் இறக்கி வைக்கக் குனிந்துகொண்டான்.

"ரொம்ப நல்லாருக்குதுன்னு சொன்னாருங்கம்மா" என்றாள் பொன்னாயி.

மருதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் இதுவரை பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவன் சொன்னதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டாள். அன்றைக்கு அவன் நடத்திய பாடம் அது ஒன்றுதான்.

"நெசமாவா!" சாலம்மாள் மகள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "நான் சொல்லலை? நான் சொல்லலைங்களா? ஏனுங்க, கேட்டீங்களா!"

செங்கோடன் நாடாவைக் கீழே வைத்தான். அவனைப் பற்றி இத்தனை வாரமாக நான் நல்லதாக ஒரு வார்த்தை எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். சொன்ன சொல்லை மாற்றாதவன் அவன். குழியிலிருந்து ஏறி வந்தான், வேர்வையைத் துடைத்தான்.

"அப்பறம் என்ன, படிக்கட்டும். எந்த வகுப்பு வரைக்கும் போறாளோ போகட்டும். இனி அவளைத் தார் சுத்துன்னு நான் சொல்ல மாட்டேன்."

சாலம்மாள் இலை போட்டாள். கச்சாயம் வைத்தாள். மருதாசலத்துக்கும் வைத்தாள். அவன் ஒரு விள்ளல் வாயில் போட்டான், மீதியைப் பிட்டு இலையில் குவித்தான். சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டால் நாற்பது பிள்ளைகள் இதே தெருவில் இறங்கி வருவார்கள். இந்தச் சந்தோஷத்துக்கு அது வரைக்கும்தான் ஆயுசு. ஆனால் அதுகூடக் கிடைக்கவில்லை.

செங்கோடன் கொடியிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எங்கண்ணா போற?" என்றான் மருதாசலம்.

"இன்ஸ்பெக்டரு இன்னம் பள்ளிக்கூடத்துலதான இருக்காரு? தறிக்காரன் ஊட்டுப் புள்ளைய மெச்சுன மனுசன். நேருல போயி ஒரு கும்பிடு போட்டுட்டு வாரேன். இல்லாட்டி மருவாதியா இருக்காது."

"அந்தத் தறியவும் எடுத்துக்கிட்டுப் போங்க, இன்னொருக்காப் பாக்கட்டும்" என்றாள் சாலம்மாள்.

அவன் தறியை எடுத்துக்கொண்டான். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசல் படி இறங்கினான்.

மருதாசலம் இலை முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான். அண்ணா, போகாதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான். அண்ணி அங்கேயே கரண்டியோடு நிற்கிறாள்.

"ஏன் சாமி திங்காம ஒக்காந்திருக்கறே?" என்றாள் சாலம்மாள்.

பொன்னாயி எழுந்தாள். அம்மா எதிரில்தான் நிற்கிறாள் என்று அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"ஓடுங்க சித்தப்பா" என்றாள். "அப்பனுக்கு முந்தி ஓடிப்போயி, இந்தத் தடவையாவது நான் செஞ்சதுன்னு சொல்லுங்க."

சாலம்மாளின் கை நின்றது. மருதாசலம் எச்சில் கையோடு எழுந்து வாசலுக்கு வந்தான். செங்கோடன் தெருமுனை திரும்பிவிட்டிருந்தான்.